மழை பெய்தால் ஹால் மூலையில் ஓதம்: மாடித் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவது?

பாலக்கோட்டான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கத்தில் கிராமத்து வீடு. 2015-ல் கட்டியது, தரைத்தளம் மட்டும், 1,050 சதுர அடி, மேலே கான்கிரீட் தளம், தட்டோடு பதித்திருக்கிறோம். பேஸ்மட்டம் இரண்டரை அடி. மேலே செம்மண், நாலடி தோண்டினால் பாறை.

மூன்று வருடமாக ஹாலின் வடகிழக்கு மூலையில் ஓதம் ஏறுகிறது. தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை பெயிண்ட் பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்கிறது. போன வருடம் ஒரு பெயிண்ட் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, சுரண்டி, புட்டி வைத்து, ஓதம் தடுக்கும் பூச்சு இரண்டு கோட் அடித்தேன். 18,000 ரூபாய். இந்த ஆவணியில் நாலு நல்ல மழை. இப்போது அந்தப் பூச்சே அப்பளம் மாதிரி கையோடு வருகிறது.

வெளியே தோண்டி, கடைக்கால் முழுவதும் கெமிக்கல் அடித்தால்தான் நிற்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். 60,000 கேட்கிறார். யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா? காசு தண்டமா, செய்யலாமா?

ஓசூர்_வாடகை எழுதியது:

எங்கள் அபார்ட்மெண்டில் சுவரில் வரிசையாகத் துளை போட்டு ஏதோ திரவம் ஏற்றினார்கள். ஒரு வருடம் நன்றாக இருந்தது. அப்புறம் நான் வீடு மாறிவிட்டேன், அதனால் முடிவு தெரியாது.

கரண்டி எழுதியது:

அண்ணா, நான் மேஸ்திரி மகன், நானும் அதே வேலைதான். அறுபதாயிரத்தை எடுத்து வையுங்கள், அவசரமில்லை. முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த மூலைக்கு வெளியே மாடிக் குழாய் இறங்குகிறதா? இறங்கினால் அதன் வாய் எங்கே முடிகிறது?

பாலக்கோட்டான் எழுதியது:

இறங்குகிறது தம்பி. மாடி வாட்டம் முழுவதும் வடகிழக்குக்குத்தான். வாஸ்துப்படி தண்ணீர் அந்த மூலையில்தான் இறங்க வேண்டும் என்று அப்பா கட்டும்போதே பிடிவாதமாக நின்றார். நாலு அங்குலக் குழாய் ஒன்று, தரைக்கு ஓரடி மேலே வந்து நின்றுவிடும். கீழே ஒரு கல் போட்டிருக்கிறோம். போர்ட்டிகோவுக்குத் தனியாகச் சின்னக் குழாய், அது ரோட்டுப் பக்கம்.

கரண்டி எழுதியது:

ஹூம். ஓதம் வடகிழக்கு, குழாயும் வடகிழக்கு. பெயிண்ட் கடைக்காரர் வீட்டுக்கு வெளியே வந்து பார்த்தாரா?

பாலக்கோட்டான் எழுதியது:

ஹாலுக்குள் நின்று காபி குடித்துவிட்டுப் போனார்.

ரசமட்டம் எழுதியது:

ஓய்வுபெற்ற சிவில் ஆள், கிருஷ்ணகிரி. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், அப்புறம் 60,000 பற்றி நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். உங்கள் மாடி 1,050 சதுர அடி, அதாவது சுமார் 97 சதுர மீட்டர். சாயங்காலம் இடியோடு ஒரு மணி நேரத்தில் 40 மி.மீ. கொட்டுவது நம் பக்கம் புரட்டாசியில் சாதாரணம். 97-ஐ 40-ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 3,900 லிட்டர். பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்தால் 260 குடம்.

ஒருவர் உங்கள் வீட்டு மூலையில் நின்றுகொண்டு ஒரு மணி நேரத்தில் 260 குடம் தண்ணீரைச் சுவரோரமாகவே ஊற்றினால் நீங்கள் சும்மா விடுவீர்களா? குழாய் ஊற்றினால் மட்டும் விட்டுவிட்டோம்.

இன்னொரு விஷயம், வீடு கட்டியவர்கள் யோசிக்காதது. கடைக்காலுக்கு வாணம் தோண்டும்போது சுவர் அகலத்தைவிட அகலமாகத்தான் தோண்டுவார்கள். கட்டி முடித்தபின் பக்கத்தில் இருக்கும் இடைவெளியை எதை வைத்து மூடினார்கள்? உடைந்த செங்கல், காய்ந்த கலவை, சிமெண்ட் சாக்கு, தளர்ந்த மண். யாரும் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்குவதில்லை. அதனால் வீட்டைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல், பூமிக்குள் ஒரு வாய்க்கால் இருக்கிறது. வெளியே இருக்கும் இறுகிய மண்ணில் நுழைவதைவிடத் தண்ணீருக்கு அதில் இறங்குவது சுலபம். உங்களுக்குக் கீழே பாறை வேறு. இறங்கின தண்ணீர் கீழே போக வழியில்லாமல் தொட்டி மாதிரி நிற்கும். சுவர் அதைத் திரி போல உறிஞ்சி மேலே ஏற்றும். ஏறின தண்ணீர் காய்ந்துவிடும், அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகித் தள்ளும். உங்கள் பெயிண்ட் அப்பளமானது அப்படித்தான்.

ஒரு சோதனை. சித்திரையில் அந்த இடம் காய்கிறதா? வருடம் முழுவதும் ஒரே ஈரம் என்றால் மழை காரணமில்லை, உள்ளே எங்கோ தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது.

பாலக்கோட்டான் எழுதியது:

சித்திரையில் நன்றாகக் காய்ந்துவிடும் சார், வெள்ளையாக உப்பு மட்டும் பூத்திருக்கும். அந்தப் பக்கம் பாத்ரூமோ சமையலறையோ இல்லை.

260 குடம் என்று அப்பாவிடம் சொன்னேன். "வாஸ்து பார்த்த வீடு, தண்ணீர் வடகிழக்கில்தான் போகும், மேற்கே திருப்ப விடமாட்டேன்" என்கிறார்.

கரண்டி எழுதியது:

யார் மேற்கே திருப்பச் சொன்னது? வடகிழக்கிலேயே இறங்கட்டும். இறங்கிய பிறகும் வடகிழக்காகவே போய்க்கொண்டே இருக்கட்டும். சுவரோரம் நிற்காமல் இருந்தால் சரி. வாஸ்துவில் தண்ணீர் மூலையில் தேங்க வேண்டும் என்று யாரும் சொன்னதாக நான் கேட்டதில்லை. அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள் அண்ணா.

புளியமரத்தடி எழுதியது:

சுலபமான வழி, பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் அதில் குழாயை இணைத்துவிடுங்கள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

கரண்டி எழுதியது:

ஐயோ, வேண்டாம் அண்ணா. டேங்க் இருப்பதே கழிவு நிதானமாகத் தங்கிக் கீழே படிய. 260 குடம் ஒரே மூச்சில் உள்ளே போனால் படிந்ததெல்லாம் கலங்கி வெளியே தள்ளும், டேங்க் தண்ணீர் மண்ணில் இறங்கும் உறைக்குழி அடைத்துக்கொள்ளும், மழை நாளில் டாய்லெட்டில் தண்ணீர் எதிர்த்து வரும். அந்த இரண்டு வீட்டில் ஐப்பசி மாதம் போய் முகர்ந்து பாருங்கள்.

அரூர்க்காரி எழுதியது:

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். தம்பி, உங்களுக்குச் செம்மண், பாறை. நான் கரிசல்காரி, என் கதை வேறு, ஆனால் பாதிக்கு மேல் அதேதான்.

2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது எல்லோரும் அவசர அவசரமாகக் குழி தோண்டினோம். எங்கள் வீட்டில் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு உறிஞ்சு குழி. மாடித் தண்ணீர் முழுவதும் அதில். அதிகாரி வந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். ஏழெட்டு வருடத்தில் அந்தப் பக்கத்து அறையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல். மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும், வெயிலில் மறுபடி திறக்கும். கதவு ஆனியில் சாத்தும், கார்த்திகையில் சாத்தாது.

கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், தெரியும்தானே. வீட்டின் நாலு பக்கமும் ஒரே மாதிரி உப்பினாலும் பரவாயில்லை. ஒரு மூலை மட்டும் குடித்துவிட்டு உப்பினால் அந்த மூலை மட்டும் தூக்கும், சுவர் கிழியும். நாங்கள் அந்த மூலைக்கு இருபது வருடமாக ஊற்றி வளர்த்திருக்கிறோம்.

மழைநீர் சேகரிப்பு தப்பு என்று சொல்லவில்லை. குழியைச் சுவரை ஒட்டித் தோண்டியதுதான் தப்பு. கடைசியில் குழியை மண் போட்டு இறுக்கி மூடிவிட்டு, குழாயை நாற்பதடி தள்ளி நிலத்தில் இருக்கும் பழைய கிணற்றுப் பக்கம் கொண்டுபோனோம். விரிசல் அதன்பிறகு வளரவில்லை. பழைய விரிசல் இருக்கிறது, காலண்டர் மாட்டி மறைத்திருக்கிறேன்.

ரசமட்டம் எழுதியது:

அக்கா சொன்னதைக் கரிசல் நிலத்தில் கட்டுகிற எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளலாம். செம்மண்ணிலும் உறிஞ்சு குழி கடைக்காலிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும். கரிசலில் இன்னும் தள்ளி, முடிந்தால் குழியே இல்லாமல்.

பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் வேறொரு சிக்கல். பாறை மேலாகவே இருக்கும். ஆறடிக் குழி என்று ஆரம்பித்து மூன்றடியில் கடப்பாரை நெருப்பு பறக்கும். விட்ட தண்ணீர் பாறையின் முதுகிலேயே வழிந்து, பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். அது வீட்டுப் பக்கமாக இருந்தால் பத்தடி தள்ளித் தோண்டியும் பயனில்லை. தோண்டும் முன் சோதித்துவிடுங்கள். ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் சின்னக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பிக் குச்சி வைத்து அளந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் உறிஞ்சு குழி வெறும் கொசுத் தொட்டி.

பாலக்கோட்டான் எழுதியது:

நேற்று சாயங்காலம் மழை. கரண்டி தம்பி சொன்னதைக் கேட்டு, குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். பதினோரு வருடத்தில் கொட்டுகிற மழையில் என் வீட்டைச் சுற்றி நடந்தது இதுதான் முதல் தடவை. மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் கலங்கலாகத் தேங்கி நிற்கிறது. ராகி தூற்றிய பொட்டு ஒரு கை எடுத்துக் குழாய் வாயருகே போட்டேன். அத்தனையும் சுவரோரமாக வந்து மூலையில் சுற்றிச் சுற்றி நின்றது. கீழே போட்டிருக்கும் கல் வெளியே சாயாமல் சுவர்ப் பக்கமே சாய்ந்து கிடக்கிறது! அடியில் மண் இறங்கியிருக்கிறது போல. குழாய்த் தண்ணீர் கல்லில் விழுந்து சுவருக்கே திரும்புகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். சன்ஷேடு நுனியில் விழ வேண்டிய தண்ணீர் அடிப்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு சுவர் வரைக்கும் வழிகிறது.

கரண்டி எழுதியது:

சன்ஷேடு அடியில் நுனியிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே நீளமாக ஒரு காடி, அதாவது சின்னப் பள்ளக் கோடு, எடுத்திருக்க வேண்டும். தண்ணீர் அங்கே வந்ததும் அறுந்து சொட்டும். கட்டும்போது மரச்சட்டம் வைத்து எடுத்தால் ஐந்து நிமிட வேலை. இப்போது கட்டர் வைத்து அறுக்கலாம், கம்பி தெரியாமல் லேசாக.

ஊத்தங்கரை_50 எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே புரிந்திருக்கும். 2024 நவம்பர் கடைசியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயல் டிசம்பர் ஆரம்பத்தில் உள்ளே வந்தபோது எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அரூரிலும் அன்றைக்கு 33. ரசமட்டம் சார் கணக்கை என் 1,000 அடி மாடிக்குப் போட்டுப் பார்த்தேன், 46,000 லிட்டர். நாலு தண்ணீர் லாரி.

அந்த நாளுக்கு எந்தக் குழாயும் பதில் சொல்லாது, அதை விடுங்கள். ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். என் மாடிக் குழாய் பூமிக்குள்ளாகவே போய்த் தெருச் சாக்கடையில் திறக்கும்படி செய்திருந்தேன், பெருமையாக. தெருவில் தண்ணீர் ஏறியதும் அதே குழாய் வழியாகத் தெருத் தண்ணீர் என் வாசலுக்கு வந்தது. கட்டியபோது சாக்கடைக்கு மேலே ஓரடி உயரத்தில் இருந்த குழாய் வாய், அதற்குப்பின் இரண்டு முறை ரோடு போட்டதில் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே எழுதினார். எங்கள் தெருவுக்கு அந்தக் கடிதம் வந்து சேரவில்லை போலும்.

தெருவுக்கு விடுகிறவர்கள் வாயை உயரமாக வையுங்கள். அல்லது எதிர்த்து வராதபடி மூடிக்கொள்ளும் வால்வு போடுங்கள்.

பாலக்கோட்டான் எழுதியது:

எனக்குத் தெரு வேண்டாம், தெரு வீட்டைவிட உயரம். கிழக்கே பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு, நாலடி சந்து. வடக்கே எங்கள் கொல்லை, முப்பத்தைந்தடி தள்ளி இரண்டு மாமரம், அதற்கப்பால் நிலம். வடக்கே கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். கிழக்கே காம்பவுண்டு அடியில் ஒரு ஓட்டை போட்டால் பத்தடியில் வேலை முடியும் என்று மாமா சொல்கிறார். பக்கத்து மனை அந்த இடத்தில் காலிதான்.

ரசமட்டம் எழுதியது:

மாமாவிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கூரைத் தண்ணீரை அடுத்தவர் நிலத்தில் விட உங்களுக்கு உரிமை கிடையாது. 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டப்படி, இருபது வருடம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு விட்டு வந்திருந்தால்தான் அந்த உரிமையைக் கோரவே முடியும். இன்றைக்குக் காலி மனை, நாளைக்கு அவர் அந்த இடத்திலும் கட்டினால் அவர் கடைக்காலுக்கு அதே 260 குடம். ஓட்டை போட்ட அன்றைக்கே பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

வடக்கே போங்கள். நான் செய்தால் இப்படிச் செய்வேன்.

ஒரு நாலு அங்குலக் குழாய் உங்கள் மாடிக்குப் போதாது. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும்போது ஒரு குழாய் தாங்குவது 40 சதுர மீட்டர் சொச்சம்தான். உங்களுடையது 97. மழை பலத்தால் மாடியில் தண்ணீர் ஏறி நிற்குமே, பார்த்திருப்பீர்கள். அதே மூலையில் வடக்குச் சுவரில் இன்னொரு தூம்பு திறந்துவிடுங்கள். வாட்டம் மாறாது, அப்பாவும் சம்மதிப்பார்.

கீழே இரண்டு குழாயும் ஒரு சின்னத் தொட்டியில் சேரட்டும், ஒன்றரை அடி சதுரம், மேலே எடுக்கக்கூடிய மூடி. அடைப்பு வந்தால் அங்கேதான் கை விடுவீர்கள். அங்கிருந்து ஆறு அங்குலக் குழாய் கொல்லைக்கு. வாட்டம் நூற்றுக்கு ஒன்று. 35 அடிக்கு நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் இறக்கம் வரும். கண்ணால் பார்த்துப் போடாதீர்கள், கண் ஏமாற்றும். பத்து மீட்டர் டியூப் வாங்கித் தண்ணீர் நிரப்பி மட்டம் பாருங்கள். திருப்பத்தில் நேர் எல்போ வேண்டாம், பாதி வளைவு இரண்டு போடுங்கள். குழாய் சுவரைவிட்டு விலகும் முதல் ஆறடியில் ஒரு ஜாயிண்ட்டும் ஒழுகக் கூடாது. ஒழுகினால் செலவு செய்து தண்ணீரை நேராகக் கடைக்காலுக்கே அனுப்பியது போல ஆகும்.

அப்புறம் சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு கான்கிரீட் ஏப்ரன். மண்ணை நனைத்துத் திமிசு போட்டு இறுக்கிய பிறகுதான், மூன்று அங்குல கனம், வெளியே பார்த்து ஒரு அங்குலம் வாட்டம். சுவரும் ஏப்ரனும் சேரும் கோட்டில் தார் வையுங்கள், சிமெண்ட் வைத்தால் ஆறு மாதத்தில் விரிந்து வாய் திறக்கும். அதற்கு வெளியே மண்ணும் பத்தடிக்கு ஆறு அங்குலம் சரிந்து போகட்டும். மண்ணை ஏற்றுகிறேன் என்று பேஸ்மட்டத்தை மூடிவிடாதீர்கள், ஓதத்தடுப்புப் பட்டைக்குக் கீழே ஆறு அங்குலமாவது சுவர் வெளியே தெரிய வேண்டும்.

கரண்டி எழுதியது:

எல்லாம் சரி சார், ஒன்றில் மட்டும் நான் மாறுபடுவேன். உள்ளே உப்பேறிய பூச்சை இப்போதே மூன்றரை அடி உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட வேண்டும். அந்த உப்பு உள்ளே இருக்கும் வரை காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுக்கும். வெளியே எவ்வளவு செய்தாலும் "ஓதம் போகவில்லையே" என்று அண்ணா நம்மைத் திட்டுவார்.

ரசமட்டம் எழுதியது:

எடுக்கட்டும், மறுக்கவில்லை. எடுத்துவிட்டு உடனே புதுப் பூச்சு பூசக் கூடாது என்றுதான் சொல்கிறேன். ஈரச் சுவர் காய ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஒன்பது மாதம். செங்கல் தெரிய அப்படியே விடுங்கள், விருந்தாளி வந்தால் ஒரு அலமாரியை முன்னால் நகர்த்துங்கள்.

கரண்டி எழுதியது:

அலமாரி வைத்தால் காற்று படாது சார்.

ரசமட்டம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். விருந்தாளி பார்க்கட்டும்.

ஓசூர்_வாடகை எழுதியது:

ஒரு சந்தேகம். இவ்வளவு நல்ல தண்ணீரைக் கொல்லையில் கொட்டுவதா? நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்றுதான் பெயரும் வைத்தார்கள். மழைத் தண்ணீரில் அது கிடையாதே, தொட்டி வைத்துப் பிடிக்கலாமே?

ரசமட்டம் எழுதியது:

நியாயமான கேள்வி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருப்பதே நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. பல கிராமங்களில் போர் தண்ணீர் அதைத் தாண்டுகிறது. காய்ச்சினால் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடு கூடத்தான் செய்யும். மழைத் தண்ணீர் அந்த வகையில் தங்கம்.

ஆனால் வரிசை முக்கியம். வருடத்துக்கு 850 மி.மீ. மழை என்று வைத்தால் அவர் மாடியில் 80,000 லிட்டருக்கு மேல் விழும். 5,000 லிட்டர் தொட்டி ஒன்றிரண்டு மழையில் நிறைந்துவிடும். நிறைந்த பிறகு விழுவது எங்கே போகும்? அந்த வழிதல் குழாயைச் சுவரோரம் விட்டால் பழைய கதைதான். முதலில் போக்கு, அப்புறம் தொட்டி. தொட்டிக்கு முன்னால் முதல் மழையின் அழுக்கை வெளியே தள்ளும் ஏற்பாடும், சல்லி மணல் வடிகட்டியும் வேண்டும். மாடியில் மிளகாய் காயப்போடுகிற வீடு என்றால் கூடுதலாகவே கழுவ வேண்டும்.

அரூர்க்காரி எழுதியது:

மிளகாய் மட்டுமா. புறா.

பாலக்கோட்டான் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது, கொஞ்சம் சொதப்பலோடு.

மேஸ்திரி ஒருவர், இரண்டு ஆள், ஆறு நாள். குழாய், தொட்டி, ஏப்ரன் எல்லாம் சேர்த்து 41,000. வடக்கே இருபதாவது அடியில் இரண்டடி ஆழத்திலேயே பாறை. குழாயை அதற்குமேல் இறக்க முடியவில்லை. அதனால் ஆரம்பத் தொட்டியையே ஒரு அடி உயர்த்தி வாட்டம் பிடித்தோம். டியூப் வைத்துப் பார்த்திருக்காவிட்டால் குழாய் நடுவில் தொப்பையாகித் தண்ணீர் நின்றிருக்கும். மேஸ்திரி "கண்ணாலேயே சொல்வேன்" என்று ஆரம்பித்தவர், டியூபைப் பார்த்த பிறகு இரண்டு அங்குலம் தப்பு என்று அவரே சிரித்தார்.

முதல் மழையிலேயே இரண்டு பிரச்சினை. மாமரத்தடியில் குழாய் வாய் மண்ணை அரித்து ஒரு பள்ளமே தோண்டிவிட்டது. வேலிக்கு வாங்கி மீந்த கல் பலகைத் துண்டுகளைப் பரப்பிச் சுற்றிலும் ஜல்லி கொட்டினேன், இப்போது தண்ணீர் அகலமாக விரிந்து போகிறது. இரண்டாவது, மாடியில் தூம்பு வாயில் போட்ட தட்டையான சல்லடை ஒரே மழையில் அடைத்து, மாடி முழுக்க அரையடித் தண்ணீர். தெருமுனைப் புளியமரத்து இலை.

புளியமரத்தடி எழுதியது:

இதில் நான் பேசலாம், என் தகுதி பெயரிலேயே இருக்கிறது. தட்டை சல்லடை புளிய இலைக்கு ஆகாது, பாய் விரித்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். கவிழ்த்த கூடை மாதிரி மேலே எழும்பிய சல்லடை போடுங்கள். அடிப்பக்கம் அடைத்தாலும் மேலே வழி இருக்கும். மாதம் ஒருமுறை துடைப்பம், ஆடிக்காற்று காலத்தில் வாரம் ஒருமுறை. செப்டிக் டேங்க் யோசனைக்கு மன்னிப்பு.

கரண்டி எழுதியது:

அண்ணா, குழாய் வாய் பெரியதாக இருக்கிறதே, அதில் வலை கட்டினீர்களா? எலி ஏறும். ஓணானும் ஏறும், அது பரவாயில்லை. எலி செத்தால் மழை வரும்வரை தெரியாது.

பாலக்கோட்டான் எழுதியது:

கட்டிவிட்டேன் தம்பி. கவிழ்த்த சல்லடையும் தருமபுரியில் வாங்கிப் போட்டாயிற்று.

ஐப்பசி பாதி ஆகிவிட்டது, கடைசியாக ஒரு தகவல். உள்ளே பூச்சைக் கொத்தி எடுத்த அன்றைக்கு ஈரம் எந்த உயரம் வரை இருக்கிறது என்று செங்கல்லில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். 27 அங்குலம். அதற்குப்பின் எட்டு மழை, அதில் ஒன்று விடிய விடியப் பெய்தது. கோட்டுக்கு மேலே ஏறவில்லை. நேற்று அளந்தால் 22. முழுக்கக் காயவில்லை, சார் சொன்ன மாதிரி அடுத்த ஆனி வரைக்கும் பொறுக்கிறேன். கெமிக்கல்காரர் இரண்டு முறை போன் செய்தார், ஆனியில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மழை வந்தால் அப்பா இப்போது குடையை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய் நிற்கிறார், தண்ணீர் வருகிறதா என்று பார்க்க. வடகிழக்காகத்தான் போகிறது என்று அக்கம்பக்கம் எல்லோரிடமும் சொல்கிறார்.

இன்னொன்று. இதையெல்லாம் பார்த்த கிழக்கு வீட்டுக்காரர் நேற்று டியூபைக் கடன் வாங்கிப் போனார். அவர் வீட்டிலும் ஓதம் மாதிரி ஏதோ இருக்கிறதாம், மாடிக் குழாயைத் திருப்பப் போகிறாராம்.

கரண்டி எழுதியது:

எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று கேட்டீர்களா? அவருக்கு மேற்கு உங்கள் காம்பவுண்டு. மட்டம் பார்க்கும்போது டியூபின் ஒரு முனையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணா.